வட்டத்துல கடைசி வரிசை

எங்க ஏழுகாணிப்பட்டு வட்டமா ஆனது ஒரு புதன்கெழம, காலைல பதினொன்னே முக்கா மணி. நான் அப்போ ஊராட்சி ஆபீசுல மேசைக்கு அடியில கெடந்த முறுக்குத் தூளக் கூட்டி அள்ளிட்டு இருந்தேன். பூமி லேசா ஒரு தபா குலுங்குச்சி, ஓடைக்கு அந்தாண்ட அரை மைல் தூரத்துல பூட்டன் முப்பாட்டன் காலத்துலேருந்து குந்தியிருந்த எங்க காலனி, வேப்ப மரத்தோட, கோழியோட, கொடியில காயப்போட்ட பாவாடையோட, அடுப்புல கொதிச்சிட்டிருந்த கொழம்போட அப்படியே நகந்து வந்து ஊரோட ஒட்டிக்கிச்சி. கொழம்பு ஒரு சொட்டு சிந்தல. அத எம்பொண்ணு நிரோசாதான் சொன்னா, அவதான் அடுப்பாண்ட நின்னுட்டிருந்தா. "ஜன்னல்ல வேற ஊடு தெரிஞ்சிச்சிம்மா, நான் உப்பு போட்டுட்டு மூடி வெச்சிட்டேன்"னா. அவளுக்கு அவ்ளோதான்.

ஏன் நகந்துச்சி, எப்படி நகந்துச்சின்னு என்னக் கேக்காதீங்க. நான் அஞ்சாங்கிளாசு, அதுலயும் மூணு மாசம்தான். எனக்குத் தெரிஞ்சதெல்லாம் பிரகாசம் சார் என்னா பண்ணாருன்றதுதான்.

பிரகாசம் சாரு ஊராட்சிச் செயலரு. தெற்கத்திக்காரரு, மாத்தலாகி வந்தவரு, யாரு சத்தம் போட்டாலும் மொதல்ல எழுந்து நின்னுட்டு அப்புறம்தான் சத்தம் யார்மேலன்னு பாப்பாரு. அவருக்கு ஒன்றிய ஆபீசுலேருந்து ஒரு உத்தரவு வந்துச்சி, எல்லா ஊராட்சியும் தெருவாரியா ஜனத்தொகைய ஆன்லைன் ஷீட்டுல ஏத்தி, அத வட்டப் படமா போட்டு இன்னிக்கு மத்தியானத்துக்குள்ள காட்டணும்னு. பை சார்ட்டுன்னு அதுக்குப் பேரு. நாலு தெருவும் ஒரு காலனியும் இருக்கிற ஊருக்கு வட்டம் போட்டு என்னா பாக்கப் போறாங்கன்னு நான் கேட்டேன். "பாக்க மாட்டாங்கக்கா, கேப்பாங்க"ன்னாரு.

உக்காந்து ஏத்துனாரு. எங்க ஊருல லிஸ்ட்டுன்னா ஒரே லிஸ்ட்டுதான். தேர்த் திருவிழாவுல யாருக்கு மொதல்ல பரிவட்டம் கட்டுவாங்களோ அந்த வரிசை. மேலத்தெரு, நடுத்தெரு, கீழத்தெரு, வடக்குத்தெரு. எங்களுக்குப் பரிவட்டமே கெடையாது, ஆனா லிஸ்ட்டுல பேரு வந்தாவணுமே, அதனால காலனி கடைசி. ரேஷன் லிஸ்ட்டும் அதே வரிசை, கொசு மருந்து அடிக்கிற லிஸ்ட்டும் அதே வரிசை. கொசுவுக்குத்தான் அந்த வரிசை தெரியாது, மொதல்ல எங்ககிட்டதான் வரும். மேலத்தெரு நூத்திப் பதினெட்டு, நடுத்தெரு எரநூத்தி நாலு, கீழத்தெரு எரநூத்தி முப்பத்தொண்ணு, வடக்குத்தெரு நூத்தி அறுவத்தேழு, காலனி நானூத்தி எம்பது. மொத்தம் ஆயிரத்தி எரநூறு தலை. எல்லாத்தையும் மவுசால தடவி நீலமா ஆக்கிட்டு, மேல ஒரு எடத்துல தட்டுனாரு, சார்ட்டுன்னு இருக்கிறதத் தட்டுனாரு, மொதல்ல கம்பு கம்பா நின்னத மாத்தி வட்டமா இருக்கிற பொம்மையத் தட்டுனாரு. அப்போதான் குலுங்குச்சி.

வரிசையா எழுதுனா கடைசி கடைசிதான். அதையே வட்டமா வளைச்சா கடைசிக்கு அடுத்த ஆளு யாரு, மொத ஆளு. வளையல் போட்ட பொம்பளைக்கெல்லாம் இது தெரியும். நூறு வருசமா எங்களக் கடைசி கடைசின்னு எழுதிக்கிட்டே வந்த மேலத்தெருவுக்குத்தான் தெரியல. நேரா கொண்டு வந்து எங்கள அவங்க பக்கத்துல ஒட்டிட்டாங்க, அவங்க கூட இல்ல, அவங்க எழுதுன வரிசையே ஒட்டிடுச்சி. எங்களுக்கு இந்தப் பக்கம் வடக்குத்தெரு, அந்தப் பக்கம் மேலத்தெரு. என் ஊட்டு அம்மி கெடக்கிற செவுரும் ஊராட்சித் தலைவரு கலியபெருமாளு படுக்குற செவுரும் ஒரே செவுரு.

தலைவரு கால்மணி நேரத்துல ஆபீசுக்கு வந்துட்டாரு. வந்தவரப் பாத்து நான் தொடப்பத்த வாயில வெச்சிப் பொத்திக்கிட்டேன். மனுசன் நீலமா இருந்தாரு. வேட்டி நீலம், துண்டு நீலம், மீசைக்கு அடிச்ச மை நீலம். படத்துல மொதத் துண்டுக்கு அந்த ஷீட்டே நீலத்தக் குடுத்துடுச்சி, மேலத்தெருவுல மாட்டுச்சாணிலேருந்து மோர்க்கொழம்பு வரைக்கும் நீலம். எங்க காலனி மொனையில கம்பத்துல எங்க கொடி பறக்குது பாருங்க, அதே நீலம். எங்களுக்குக் கெடச்சது ஆரஞ்சி.

"யோவ் பிரகாசம், இது இன்னாய்யா?"

"பை சார்ட்டுங்க தலைவரே."

"நான் ஊரக் கேக்கறேன்."

"ஊரும் அதாங்க தலைவரே."

அதுக்கப்புறம் எதுக்கு என்னான்னு யாரும் கேக்கல. எங்க ஊரு அப்படி. மழ பேஞ்சா கொட, கரண்டு போனா மெழுகுவத்தி, ஊரு வட்டமானா சரி, யாரு யாரு பக்கத்துல, அதான் கேள்வி. அன்னிக்குச் சாயங்காலமே பஸ்ஸு கண்டக்டரு நடுவுல இருக்கிற முக்குக்கு "வட்டம் நிறுத்தம்"னு பேரு வெச்சிட்டாரு. அஞ்சி தெருவும் ஒரே புள்ளியில வந்து முட்டுற எடத்துல இருந்த ஊடுங்கல்லாம் கத்தி மாதிரி மொனையாயிடுச்சி, அங்க பீரோவ எங்க வெக்கிறதுன்றதுதான் ஒரு வாரத்துக்குப் பேச்சி. வானத்துல வேற ஒவ்வொரு தெருவுக்கும் மேல வெள்ளை எழுத்துல கணக்கு நின்னுச்சி. எங்க தலைக்கு மேல நாப்பது சதவீதம். மேலத்தெரு தலைக்கு மேல ஒம்பது புள்ளி எட்டு. அந்தப் புள்ளி மேல ஒரு காக்கா குந்திக்கிட்டு நாளெல்லாம் கத்தும். காலனின்னா நாலு குடிசைன்னு மேடையில பேசிக்கிட்டு இருந்தவங்க எல்லாம் அண்ணாந்து பாக்காமலே நடக்கக் கத்துக்கிட்டாங்க.

எனக்கு வானமும் வேணாம், கலரும் வேணாம். எனக்கு வேண்டியிருந்தது அந்த ஓட இல்லாம இருக்கிறது. நிரோசாவுக்குத் தலப்பிரசவம், ஏழாம் மாசம் ஊட்டுக்குக் கூட்டியாந்தேன், அவ புருசன் திருப்பூர்ல பனியன் கம்பெனியில கெடக்கிறான். அரசாங்க ஆஸ்பத்திரி ஊராட்சி ஆபீசுக்குப் பக்கத்துச் செவுரு, வடக்குத்தெருவுல. ரெண்டு கட்டிலு, ஒரு லூர்து நர்சம்மா. ஐப்பசி மழையில ஓடை ரெண்டு ஆளு ஒசரத்துக்கு ஓடும். என் மொதப் புள்ளய நான் அந்த ஓடக் கரையில கட்டில்ல படுத்துக்கிட்டு, தண்ணி வடியட்டும் வடியட்டும்னு எல்லாரும் சொல்லச் சொல்லப் பெத்தேன். ஆம்பளப் புள்ள. தண்ணி வடியறதுக்கு முன்னாடியே அது போயிடுச்சி. இப்போ எங்க ஊடு வட்டத்து நடு மொனைக்குக் கிட்ட, என் வாசல்லேருந்து நர்சம்மா வாசலுக்கு அறுவது அடி. நான் எண்ணிப் பாத்தேன், நிரோசாவ விட்டும் எண்ணச் சொன்னேன், அவ வயித்தப் புடிச்சிக்கிட்டு நடந்தா எழுவத்திரெண்டு. ஐப்பசிக் கடைசியில தேதி. அதுவரைக்கும் இந்த வட்டம் கலையாம இருந்தாப் போதும்னு நான் எல்லா சாமிக்கும் சொல்லி வெச்சேன்.

ஆனா அவங்க மாத்த ஆரம்பிச்சாங்க. படத்த ரெண்டு தபா தட்டுனா சைடுல ஒரு பட்டை தொறக்குது, அதுல கஸ்டமைசுன்னு ஒரு எடம், அங்க எல்லாத்தையும் மாத்தலாம்னு பிரகாசம் சாரு தெரியாத்தனமா தலைவருக்குக் காட்டிட்டாரு. மொதல்ல கலரு. தலைவரு தங்கம் கேட்டாரு, கீழத்தெரு மஞ்சள்ல இருக்குது, அவங்க வுடல. பச்ச வடக்குத்தெரு, செவப்பு நடுத்தெரு. கடைசியில யாருக்கும் பிரச்சன வேணாம், சுத்தபத்தமா வெள்ளை போடுய்யான்னாரு. போட்டாரு. பின்னால தாளும் வெள்ளை, முன்னால தெருவும் வெள்ளை, மேலத்தெரு எங்கன்னே தெரியல. தலைவரு சம்சாரம் சுந்தராம்பா வாசல்ல நின்னு "நான் இங்கதான் இருக்கேன், நான் இங்கதான் இருக்கேன்"னு சொல்லிக்கிட்டே கோலம் போட்டுச்சி. தபால்காரரு அப்படி ஒரு தெருவே இல்லன்னு எழுதி ரெண்டு காயிதத்தத் திருப்பி அனுப்பிச்சிட்டாரு. மூணாம் நாளு கத்திரிக்காக் கலருக்கு ஒத்துக்கிட்டாங்க.

அப்புறம் வரிசை. காலனிய நடுவுல எங்கியாவது தூக்கிப் போடுன்னு கூட்டம் போட்டாங்க. நான் டீ கிளாசு கழுவிக்கிட்டே கேட்டுட்டிருந்தேன். வட்டத்துல எங்க போட்டாலும் ரெண்டு பக்கமும் ரெண்டு பேரு வேணுமே.

"எங்க தெருவுல கல்யாணத்துக்குப் பொண்ணு பாத்துக்கிட்டு இருக்காங்க, இந்த நேரத்துல முடியாது"ன்னாரு நடுத்தெருக்காரரு.

"எங்களுக்கு ஆட்சேபண இல்ல, எங்க சாமிக்குத்தான் ஒத்துக்காது"ன்னாரு கீழத்தெருக்காரரு.

வடக்குத்தெருக்காரரு, "ஏற்கனவே ஒரு பக்கம் நாங்கதான் தாங்கிக்கிட்டு இருக்கோம்"னாரு, என்னமோ எங்களத் தோள்ல சொமக்கிற மாதிரி. நான் கிளாச கொஞ்சம் பலமா வெச்சேன்.

எங்களுக்கும் மேலத்தெருவுக்கும் நடுவுல ஒரு வெத்துத் துண்டு போடலாம்னு ஒருத்தரு யோசன சொன்னாரு. புறம்போக்குன்னு ஒரு வரிசை எழுதி சைபர்னு போட்டாங்க. சைபருக்கு அகலம் ஏது, கோடு கூட வுழல. சரி ஆளு இருந்தாத்தான் அகலம்னு கோயில் மாடு ஆறையும் அதுல ஏத்துனாங்க. மயிரு கனத்துக்கு ஒரு சந்து உண்டாச்சி, அதுல ஆறு மாடும் ஒண்ணு பின்னால ஒண்ணா நின்னுக்கிட்டு, திரும்ப எடமில்லாம, ராவும் பகலும் தலைவரு ஜன்னல்ல சாணி போட்டுச்சி. ரெண்டு நாள்ல அதையும் எடுத்துட்டாங்க.

இதுக்கு நடுவுல மனுசங்க மனுசங்களாத்தான் இருந்தாங்க. நான் ஞாயித்துக்கெழம மாட்டுக்கறி வதக்குனா வாசன செவுத்தத் தாண்டிப் போவுறதுக்கு யாரையும் கேக்காது. தலைவரு தம்பி வாராவாரம் அந்த நேரத்துக்குச் சரியா செவுத்துல விரிசல் இருக்குதான்னு பாக்க வருவாரு. மூக்க வெச்சித்தான் பாப்பாரு. சுந்தராம்பா ஒருநாள் செவுத்துக்கு அந்தாண்டேருந்து, "ஏ பாக்கியம், அம்மியில என்னா அரைக்கிற, பூண்டு கம்மியா இருக்குதே"ன்னு கேட்டுச்சி. இருவது வருசமா அந்தம்மா ஊட்டு வாசலக் கூட்டுறேன், என்னக் கேள்வின்னு கேட்டது அன்னிக்குத்தான்.

அப்புறம்தான் கெட்ட புத்தி வந்துச்சி. நானூத்தி எம்பதுல ஒரு சைபர அழின்னு சொல்லிட்டாரு தலைவரு. பிரகாசம் சாரு மாட்டேன்னு எழுந்து நின்னாரு, அப்புறம் உக்காந்து அழிச்சாரு. நாப்பத்தெட்டு. எங்க காலனி தர்ப்பூசணிக் கீத்து மாதிரி ஆயிடுச்சி. ஆளு கொறையல, எடம்தான் கொறஞ்சிச்சி. நானூத்தி எம்பது பேரும் ஒருக்களிச்சிப் படுத்தோம், ஒருத்தர் திரும்புனா தெருவே திரும்பணும். நிரோசா வயித்தோட சந்துல மாட்டிக்கிட்டா, முன்னாலயும் போவ முடியல, பின்னாலயும் வர முடியல, நாலு பொம்பளைங்க சேந்து அவள உருவி எடுத்தோம். மேலத்தெரு அகண்டு போச்சி. தலைவரு கூடத்துல இந்தக் கோடியிலேருந்து காப்பின்னு கேட்டா அந்தக் கோடியிலேருந்து ஆறிப்போயி வந்துச்சி. அந்த நீளத்தையும் நான்தான் கூட்டணும். முதுகு வுட்டுப்போச்சி. ரெண்டாம் நாளு ஒன்றிய ஆபீசுலேருந்து போனு வந்துச்சி, படத்துல ஜனம் கொறஞ்சி போச்சே, ஆயிரத்துக்குக் கீழ போனா உங்க ஊராட்சியப் பக்கத்து ஊரோட சேத்துடுவோம்னு. அப்படிச் சேத்தா தலைவருன்னு ஒருத்தரு இருக்க மாட்டாரே. போன வெக்கறதுக்குள்ள சைபரு திரும்பி வந்துடுச்சி. அந்த ஒரு சைபர்ல நாங்க மூச்சு வுட்டோம்.

இதோட முடிஞ்சிதுன்னு நெனச்சேன். தலைவரு மருமவன் டவுன்லேருந்து தீபாவளிக்கு வந்தான், கம்ப்யூட்டர் படிச்ச புள்ள. "மாமா, இதுக்கா இம்மாம் பாடு? எந்தத் துண்டு புடிக்கலியோ அந்தத் துண்ட மட்டும் வெளிய இழுக்கலாம் மாமா. மையத்துலேருந்து தூரம்னு ஒண்ணு இருக்குது, அதுல நம்பரு குடுத்தாப் போதும்." தலைவரு அவன் தலையத் தடவிக் குடுத்தாரு. பாயசம் வெக்கச் சொன்னாரு.

சும்மா இழுப்பாங்களா. ஐயரக் கூப்பிட்டு நாள் பாத்தாங்க. வெள்ளிக்கெழம, வளர்பிறை, காலைல ஒம்பதுலேருந்து பத்தரைக்குள்ள நல்ல நேரம். வியாழக்கெழம நான் தலைவரு முன்னாடி போயி நின்னேன்.

"ஒரு வாரம் பொறுங்க தலைவரே. எம்பொண்ணுக்கு நாள் நெருங்கிடுச்சி. பெத்து எறக்கிட்டா அப்புறம் நீங்க எங்க இழுத்தாலும் போறோம்."

"நாளு குறிச்சாச்சி பாக்கியம். நல்ல நேரம் உனக்காகக் காத்துக்கிட்டு இருக்குமா?"

"புள்ளைக்கும் அதாங்க, காத்துக்கிட்டு இருக்கத் தெரியாது."

"நாலு நாள் முன்னாடியே ஆஸ்பத்திரியில போயிப் படுக்கச் சொல்லு."

"ரெண்டு கட்டிலுதாங்க. வலி வராம நர்சம்மா சேத்துக்காது."

"அப்போ உன் பாடு"ன்னாரு. கெட்டவரு இல்ல, நல்லது கெட்டது எல்லாம் மேலத்தெருவுக்குள்ளயே முடிஞ்சிடும் அவருக்கு.

வெள்ளிக்கெழம விடியறப்போ நிரோசா இடுப்பப் புடிச்சிக்கிட்டு எழுந்தா. நல்ல மழ. நர்சம்மாகிட்ட ஓடுனேன். "அஞ்சி நிமிசத்துக்கு ஒரு தபா வலி வந்தா கூட்டியா, இங்கதான இருக்கீங்க"ன்னுச்சி. ஊட்டுக்குத் திரும்பறதுக்குள்ள தலைவரு ஆளு வந்துட்டான், ஆபீச கழுவி உடணும், பூசை இருக்குதுன்னு. "பத்து நிமிசத்துல வந்துடறேன்டி, எண்ணிக்கிட்டே இரு"ன்னு சொல்லிட்டுப் போனேன். எங்க ஊட்டுக்காரு கரும்பு வெட்டப் போயிருந்தாரு, இல்லன்னா அவரு இருந்திருப்பாரு. நான் போனது என் தப்புதான். இருவது வருசமா கூப்பிட்ட ஒடனே போயிப் பழகுன காலு.

கம்ப்யூட்டருக்குச் சந்தனம் வெச்சி, குங்குமம் வெச்சி, மவுசுக்குப் பூ சுத்துனாங்க. தேங்கா ஒடச்சி, தண்ணி கீபோர்டுல தெறிச்சிடுச்சி, பிரகாசம் சாரு துண்டால ஒத்தி எடுத்தாரு. நான் வாளியோட வாசல்ல நின்னேன். "முடிஞ்சிதுங்களா, நான் போவட்டுமா"ன்னு கேட்டேன், யாரும் காதுல வாங்கல. ஒம்பது மணி பத்து நிமிசம். பிரகாசம் சாரு ஆரஞ்சித் துண்டத் தட்டுனாரு, தூரத்துல பத்துன்னாரு.

"இன்னும் கொஞ்சம்."

"இருவது வெக்கவா?"

"ஓட தாண்டுற மட்டும் வெய்யா."

இருவத்தஞ்சி வெச்சாரு.

ஜன்னல்ல நான் பாத்தேன். சத்தமே இல்ல. வேப்ப மரம் போச்சி, கொடிக்கம்பம் போச்சி, என் ஊடு போச்சி. நிரோசா வாசப்படியில நெலையப் புடிச்சிக்கிட்டு குனிஞ்சி நின்னுட்டிருந்தா, அப்படியே நின்னபடிக்குப் போனா, மழையில சின்னதாயிக்கிட்டே போனா, ஓடைக்கு அந்தாண்ட போயி நின்னுச்சி எல்லாம். எடம் காலியா, ஈரமா, ஒரு கீத்து அளவுக்குப் பல்லு போன வாயி மாதிரி இருந்துச்சி.

எல்லாரும் கை தட்டுனாங்க. "வாங்க, எல போட்டாச்சி"ன்னு தலைவரு மேலத்தெருக்காரங்கள மொத்தமா கூட்டிக்கிட்டுப் போயிட்டாரு, சின்னவங்க பெரியவங்க ஒருத்தரும் பாக்கி இல்ல. நடுத்தெரு, கீழத்தெரு, வடக்குத்தெருவையெல்லாம் கூப்பிடல. அவங்க ஆபீசு வாசல்ல கொஞ்ச நேரம் பாயச வாசனையப் புடிச்சிக்கிட்டு நின்னுட்டு ஊட்டுக்குப் போயிட்டாங்க.

நான் வாளிய வெச்சிட்டு நாற்காலியில உக்காந்தேன். இருவது வருசத்துல அந்த நாற்காலியத் தொடச்சிருக்கேன், உக்காந்ததில்ல. சுத்துற நாற்காலி, உக்காந்ததும் செவுத்தப் பாத்து என்னத் திருப்பிடுச்சி, காலால எத்தி நேரா வெச்சேன்.

"அக்கா, தொடாத. அரசாங்கப் பொருளு"ன்னாரு பிரகாசம் சாரு.

"நானுந்தான் சார் அரசாங்கப் பொருளு. தள்ளி நில்லுங்க."

ஒரு மாசமா அவரு முதுகுக்குப் பின்னால கூட்டிக்கிட்டே அந்த வெரலு எங்க போவுது எங்க வருதுன்னு பாத்தவ நான். அந்த இங்கிலீசு எழுத்து படிக்கத் தெரியாது, எடம் தெரியும். படத்தத் தட்டுனேன்.

"ரெண்டு தபா தட்டணும்க்கா. தொடாதன்னு சொன்னேன்ல. வேகமா தட்டு."

தட்டுனேன். பட்டை தொறந்துச்சி. கத்திரிக்காக் கலர் துண்டு மேல வெச்சேன்.

"அது மேலத்தெருக்கா. உங்களுது ஆரஞ்சி."

"தெரியும் சார். எங்களுத மொதல்ல சேத்தா, பாயசம் குடிச்சிட்டு வந்து மறுபடியும் இழுப்பாங்க. தூரம் எங்க இருக்குது?"

"நான் சொல்ல மாட்டேன். என் வேல போயிடும்." அப்புறம் ஃபேனப் பாத்துக்கிட்டு, "கலருக்கு ரெண்டு வரி கீழ"ன்னாரு.

அம்பதுன்னு வெச்சேன். எலையும் பந்தியுமா மேலத்தெரு மொத்தமும், அப்பளம் ஒடையாம, கெளம்பிப் போச்சி. எங்க ஓட ஊர வளைச்சிக்கிட்டு ஓடுது, எந்தப் பக்கம் எவன் வெளிய போனாலும் அதத் தாண்டித்தான் போவணும். அப்புறம் ஆரஞ்சித் துண்டு, சைபர். ஜன்னல்ல வேப்ப மரம் வந்துச்சி, ஊடு வந்துச்சி. நிரோசா அதே நெலையப் புடிச்சிக்கிட்டு நின்னா. ஓடுனேன். "எத்தினி எண்ணுன?"ன்னேன். "நானூறுக்கு அப்புறம் மறந்துட்டேம்மா"ன்னா.

அறுவது அடி. வடக்குத்தெருக் கடைசி ஊட்டுக்காரம்மா கொட எடுத்துக்கிட்டு வந்து புடிச்சிச்சி, யாரும் கூப்பிடல. பதினோரு மணிக்குப் பொண்ணு பொறந்துச்சி. ரெண்டு கிலோ எண்ணூறு. நர்சம்மா அதத் தலகீழா புடிச்சி ஒரு தட்டுத் தட்டுனதும் அது போட்ட சத்தத்துல வானத்துல இருந்த நாப்பது சதவீதமே ஆடிப்போச்சி.

மறுநாள் பிரகாசம் சாரு மெடிக்கல் லீவு. சாவிய எங்கிட்ட குடுத்துட்டு, "நீ என்னா பண்ணேன்னு நான் பாக்கல, ஃபேனதான் பாத்தேன்"னு சொல்லிட்டுப் பஸ்ஸு ஏறிட்டாரு. நான் ஆபீசத் தொறந்து கூட்டிட்டு, உக்காந்து, கடைசி வரிசையில நானூத்தி எம்பதுன்னு இருந்தத நானூத்தி எம்பத்தொண்ணுன்னு ஆக்குனேன். எங்க பக்கம் ஒரு கையகலம் கூடுச்சி. கொட புடிச்ச அந்தம்மா வாசல்ல போட்டிருந்த கட்டில எழுந்து அரை அடி தள்ளிப் போட்டுக்கிட்டு மறுபடியும் படுத்துடுச்சி.

பத்து மணிக்குத் தலைவரு வந்தாரு. இடுப்பு வரைக்கும் ஓடத் தண்ணி, கையில செருப்பு, கத்திரிக்காக் கலரு வேட்டியில சேறு. தனியாத்தான் வந்தாரு, மத்தவங்களுக்கு இழுப்புல எறங்க தைரியம் வரல. வாசல்ல நின்னு பிரகாசத்தத் தேடுனாரு. நாற்காலியில நான் இருந்தேன்.

"அவரு லீவுங்க தலைவரே. உக்காருங்க, பெஞ்சி தொடச்சித்தான் இருக்குது."

உக்காரல. "பாக்கியம், அங்க கரண்டு இல்ல."

"இருக்காதுங்க."

"கொசு பிச்சிப் புடுங்குது."

"மருந்தடிக்கச் சொல்லி லிஸ்ட்டுல போட்டிருக்கேங்க."

"சுந்தராம்பாவுக்குச் சக்கர மாத்திர தீந்துபோச்சி."

அதுக்கு நான் விளையாட்டா ஒண்ணும் சொல்லல. "நர்சம்மாகிட்ட சொல்லி எடுத்து வெச்சிருக்கேன், அந்த ஜன்னல்ல பாருங்க, நனையாம கவர்ல கட்டியிருக்கு"ன்னேன். எடுத்து மடியில வெச்சிக்கிட்டாரு.

"எங்கள இழுத்து வெச்சிடும்மா"ன்னாரு. அம்மான்னாரு. பல்லுல கல்லு மாட்டுன மாதிரி வந்துச்சி, ஆனா வந்துச்சி.

"வெக்கறேங்க. எவ்ளோ தூரத்துல வெக்கணும்?"

"பழையபடி."

"எந்தப் பழையபடிங்க? எங்க தாத்தா காலத்துதா, போன வாரத்துதா? இது அப்படியெல்லாம் கேக்காதுங்க, நம்பருதான் கேக்குது. அஞ்சி இருக்கு, பத்து இருக்கு. நீங்க கொஞ்சம் தள்ளி இருக்கணும்னாலும் இருக்கலாம், உங்க விருப்பம்."

படத்தப் பாத்தாரு. வட்டத்துல அவங்க எடம் காலியா இருந்துச்சி, ஒரு பக்கம் நடுத்தெரு, இன்னொரு பக்கம் நாங்க. வேற பக்கம் அதுல இல்ல. மவுசுக்குச் சுத்துன பூ வாடிப்போயி இன்னும் அதுலயே இருந்துச்சி. அவரு தரையப் பாத்துக்கிட்டு என்னமோ சொன்னாரு, சைபர்னுதான் சொல்லியிருக்கணும். ஆஸ்பத்திரிச் செவுத்துக்கு அந்தாண்ட எம்பேத்தி பாலுக்கு வீல்வீல்னு கத்திக்கிட்டு இருந்துச்சி.

"சரியா கேக்கலங்க தலைவரே, கொஞ்சம் சத்தமா சொல்லுங்க"ன்னேன்.